புதுவயல் ஃபீடர்

வியாழக்கிழமை காலை ஒன்பது முதல் ஐந்து வரை
மின்சாரம் இருக்காது என்று
பேப்பரில் புதுவயல் பெயரைப் போடுகிற அன்று
எனக்குப் பயமில்லை.
சொல்லிவிட்டு வருகிற விருந்தாளிக்கு
உலை வைக்கத் தெரியும் எனக்கு.

முதல் நாளே இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றி
மிதவை பச்சைக்கு ஏறுகிறதா என்று பார்த்து
மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பி
மாவு அரைத்து
காரைக்குடியிலிருந்து ஆட்டோவில் வந்த சிலிண்டரைக்
கட்டில் காலோடு சேர்த்துக் கட்டிவிடுவேன்.
திறக்கிற சாவி, சணல் கயிற்றில், அதன் கழுத்திலேயே.

சொல்லாமல் வருவதுதான் வேறு.
மயில் ஒன்று டிரான்ஸ்பார்மரில் உட்காரும்.
அவ்வளவுதான்.

அதற்காக அலமாரிக் கதவின் உள்பக்கம்
எழுதி வைத்திருக்கிறேன்:
லைன்மேன் உடையப்பன், இரண்டு நம்பர்,
இரண்டாவதைத்தான் எடுப்பார்.
பெரிய வீட்டு வாட்ச்மேன் சூசை,
கோலாலம்பூர்க்காரர்கள் வாங்கிப் போட்ட ஜெனரேட்டர்
தார்ப்பாய்க்குள் தூங்குகிறது,
டீசல் நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தும் பழகினேன்.
அடுப்படியிலிருந்து கட்டிலுக்குப் பதினோரு அடி.
கொல்லையிலிருந்து இருபத்தாறு,
நடுவில் ஒரு படி, ஒரு கிரைண்டர் முனை.
முனையின் ஞாபகம் முழங்காலில் நீலமாக இருக்கிறது.

முப்பத்தோரு வருஷம்
அரிசி ஆலைத் தவிட்டைச் சுவாசித்த மனிதர்.
இப்போது மெஷின் அவருக்காக இழுக்கிறது,
விடிய விடிய, கொர் கொர்ரென்று,
எங்கள் அறையில் படுத்த மூன்றாவது ஆள்போல.
அந்தச் சத்தம் நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும்.

புரட்டாசி. காற்றுமில்லை மழையுமில்லை.
கரண்டு எப்போது போனதோ,
இன்வெர்ட்டர் தன் பங்கை இழுத்து முடித்துப் படுத்துவிட்டது.
மெஷின் ஒரு நீளக் கத்தல் கத்தி
நின்றது.
சிலிண்டரின் கழுத்தைத் தடவினேன்.
கயிறு இருந்தது.

சைக்கிளுக்கு என்று சாயங்காலம்
ரெகுமத்து மகன் கேட்டான்.
எடுத்துக் கொடுத்தது நான்தான்.

செருப்பில்லாமல் ஓடினேன்.
அந்த வீட்டுக்கு எத்தனை அடி என்று
நான் எண்ணிப் பழகியதே இல்லை.
தட்டிய தட்டில் தெரு முழுக்க நாய் குரைத்தது.
சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டே
தூங்கியிருக்கிறான் பையன்.

திரும்பி வந்து, திருகி,
முள் ஏறி, பாட்டிலில் குமிழி கொப்பளித்த பிறகுதான்
டார்ச்சை அவர் முகத்தில் அடித்தேன்.
கறுத்திருக்கும் என்று பயந்த உதடு
லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தது.
"ஆறு நிமிஷம்" என்றார்.
கொஞ்சம் மூச்சு வாங்கி, "எனக்கு ஏழு தாங்கும்."

அப்புறம், விட்டு விட்டு, சொன்னார்.
நான் அசந்து தூங்குகிற ராத்திரிகளில்
குழாயைக் கழற்றி மார்மேல் வைத்துக்கொண்டு
ஷிப்டுக்குக் கட்டிப்போன அந்த ரேடியம் முள் கடிகாரத்தில்
அவரும் பழகி வருகிறாராம்.
மாசியில் நாலு. ஆடியில் ஐந்தரை.

ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
போர்வையை இழுத்துவிட்டேன்.

இரண்டரைக்கு விளக்கு வந்தது.
உடையப்பனே கூப்பிட்டார்: "மயிலுதான் அக்கா."
அலமாரியைத் திறந்து
சாவி யாருக்கும் கிடையாது என்று எழுதினேன்.
அதன் கீழே, அவர் பார்க்காதபோது,
அழிக்க வசதியாகப் பென்சிலில்:
ஏழு.