மழைக் கொப்பி

கந்தப்பளையில், மூடிக்கிடந்த உரக் களஞ்சியத்தில்
நாற்பது பலகைகளை அடுக்கிவிட்டுக்
கூரையைப் பார்த்தேன்.
கொங்கிரீட் தட்டென்றால் கொஞ்சத்தைத் தடுத்துவிடும்,
தகரமே போதும் என்றேன்.
"நமக்கு எப்பவும் அதுதானே போதும்" என்றார்
ஸ்டோர்கீப்பர் மருதவீரன்.

ஆறாயிரத்து முந்நூறு அடி.
கொழும்பில் ஒன்று விழும் நேரத்தில் இங்கே நாலு.
எங்கோ வெடித்த நட்சத்திரத்தின் தூள்
காற்றில் மோதிச் சிதறி நியூத்திரனாகி
தகரத்தில் துளையிடாமல் நுழைந்து
சில்லுக்குள் ஒரு பூச்சியத்தை ஒன்றாக்கிவிட்டுப் போகும்.
எரியாது. உடையாது. திரும்ப எழுதினால் சரி.
மென்பிழை என்று பெயர்.
சில்லு போகப்போவது மண்சரிவு எச்சரிக்கைப் பெட்டிக்குள்.

"விழுறது தெரியுமா?"
தெரியாது. மணிக்கொரு தரம் முழுவதையும் வாசித்து
முதல் பிரதியோடு ஒப்பிட்டால்தான்.
அவருக்கு அது உடனே புரிந்தது.
இருபது வருஷமாகக் காலை ஏழு மணிக்கு
மழைமானியை அளந்து கொப்பியில் எழுதுகிறவர்.
மறுநாள், மில்லிமீற்றர் நிரலுக்குப் பக்கத்தில்
அடிமட்டம் வைத்து இன்னொரு கோடு.
மேலே: மிஸ்ஸின் மழை.
கீழே: 0.

0. 0. 0. கரண்ட் இல்லை. 0.
(கரண்ட் இல்லாத மணிகளைக் கழிக்க வேண்டும்.
மொத்தம் அறுபத்தொன்று.)
தொண்ணூறாம் நாள், சும்மா எழுதுகிறோமா என்றார்.
இல்லை, ஒன்றும் காணாததும் ஒரு அளவுதான்:
இத்தனை நாளுக்கு மூன்றுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்
என்றாவது சொல்லலாம்.
அவர் நம்பவில்லை.
முதல் தரம் கேட்டபோது நானும்தான்.

ஏழு மாதத்தில் நான்கு.
மூன்று, சில்லில் யாரும் குடியிருக்காத மூலைகளில்.
கவிழ்ந்தன, ஒன்றும் ஆகவில்லை.
நான்காவது, ஐப்பசியில் ஒரு ராத்திரி.
மழை 112. மிஸ்ஸின் மழை 1.
இரண்டுக்கும் தொடர்பில்லை என்று இரண்டு தரம் சொன்னேன்.
எந்த பிட் என்று தேடினேன்:
சைரனுக்குப் போகும் வழியில் ஒரு சந்தி.
இருபத்தேழாம் பலகை அந்த இரவு
மலையே அசைந்திருந்தாலும் வாய் திறந்திராது.
திறக்க அதற்கு வாயும் இல்லை.
சோதனைதானே, சைரன் எதுவும் பூட்டவில்லை.
மருதவீரன் கதவைத் தள்ளிக்கொண்டு போய்
கீழே பத்தாம் நம்பர் லயத்தில் எரிந்த பல்புகளை
ஒவ்வொன்றாகப் பார்த்தார்.
ஐந்தாவது அவருடையது.

கொழும்பு ஒரே ஒரு எண்ணைக் கேட்கிறது.
நான்கு கண்டால், உண்மை
ஒன்றுக்கும் பத்துக்கும் இடையில் எங்கோ, என்று எழுதினேன்.
இடைவெளி பெரிது, நான்கு என்றே போடவும் என்று பதில்.
அவருக்கு வாசித்துக் காட்டினேன்.
"பத்தை விட்டுடாதீங்க மிஸ்" என்றார்,
மழைமானியைக் கவிழ்த்து உதறிக்கொண்டே.
பிறகு எழுதினார்:
38. 0.