எஃப்பில் நிற்கும் முள்

மண்முனைப் பாலத்தின் நடுவில்
என் மொறிஸ் மைனர் இருமி, விக்கி, நின்றபோது
முள் எஃப்பில் நின்றது.
நிறைய இருக்குது என்றது,
எப்போதும்போல, முகம் மாறாமல்.

பின் சீற்றில் மூன்று தட்டுக் கேக்.
கொக்கட்டிச்சோலையில் பதினொன்றரைக்கு முகூர்த்தம்.
வாவிக்கு மேலால் கச்சான் அடித்தது.
பட்டர் ஐசிங் ரோஜாக்கள்
முதலில் வியர்த்தன, மறுகா சரிந்தன.
மீன்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி
தன் பெட்டியிலிருந்து ஐஸ்கட்டி தரவா என்று கேட்டார்.
நல்ல மனம்.
கேக்கை ஒருமுறை, மீனை ஒருமுறை பார்த்துவிட்டு
வேண்டாம் என்றேன்.

மச்சான் வந்து தீர்ப்புச் சொன்னார்:
"மீற்றர் செத்துப்போச்சு.
பஞ்சிகாவத்தையில பதினெட்டாயிரத்துக்கு எடுக்கலாம்."
எனக்கு நம்பிக்கையில்லை.
செத்தது பொய் சொல்லாது.

ஞாயிறு. கல்லடி. டிக்கியைத் திறந்து,
பாயை விலக்கி, தகட்டு மூடியைக் கழற்றினேன்.
கீழே தாங்கி. அதன் தலையில் சின்னத் தொப்பி.
தொப்பியில் ஒரே ஒரு வயர்,
பச்சையில் கறுப்புக் கோடு.

சாவியைத் திருப்புவதும்
முள்ளைப் பார்த்துக் கத்துவதும் சுகிர்தாவின் வேலை.
விரலில் காய்ந்த ஐசிங்கோடு முன் சீற்றில் இருந்தாள்.

வயரைக் கழற்றினேன். "திருப்பு!"
"எஃப் அக்கா!"
சாவியை மூடச் சொல்லி,
பெற்றோல் வாசம் எட்டாத தூரத்தில்
வெறும் இரும்பொன்றில் நுனியைக் கவ்வவிட்டேன்.
"திருப்பு!"
"விழுது, விழுது… ஈயில கிடக்கு!"

ஆக, முள் சாகவில்லை. வயரும் அறவில்லை.

முற்றத்தில் குந்தி யோசித்தேன்.
இந்தக் கருவியின் புத்தி அப்படி:
ஒருவரோடும் தொடுப்பில்லையென்றால்
நிறைய இருக்குது என்னும்.
மண்ணைத் தொட்டால்தான்
ஒன்றுமில்லை என்று ஒத்துக்கொள்ளும்.
இப்படி இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும்.
ஒருவரிடம் சீட்டும் கட்டினேன்.

பச்சை வயரைத் திரும்பத் தொப்பியில் பூட்டி,
தொப்பியின் விளிம்பிலிருந்து இன்னொரு வயரை
காரின் உடம்பில் கொளுவினேன்.
"திருப்பு!"
சத்தமில்லை.
"சுகிர்தா?"
"கால்வாசி அக்கா. கொஞ்சம் நடுங்குது."

கால்வாசி.
வெள்ளிக்கிழமை செட்டில் அடித்தது,
பிறகு ஓடியது, எல்லாம் கூட்டிக் கழித்தால்
ஏழு லீற்றர். சரிதான்.

குற்றவாளி அப்போதுதான் பிடிபட்டார்.
போன மாசியில் ஆரையம்பதிக் கிருபைராசா
தாங்கியைக் கழற்றி, துருவைச் சுரண்டி,
மூன்று கை கறுப்புப் பெயின்ற் அடித்தார்.
ஆணிக்கு அடியில், விளிம்புக்கு அடியில்,
ஓரிடம் விடவில்லை. அவ்வளவு வடிவு.
நானும் வடிவென்று ஐந்நூறு கூடக் கொடுத்தேன்.
அந்த வடிவுக்குள்ளால் கரண்ட் போகவில்லை.

மணல்தாளால் ஒரு ஐந்து சதம் அளவுக்குத் தேய்த்தேன்,
இரும்பு பல்லைக் காட்டும்வரை.
ஒரு முழ வயர், இரண்டு ஆணி,
உப்புக்காற்று புகாமலிருக்கக் கொஞ்சம் கிறீஸ்.
நூற்றிருபது ரூபா.
மச்சானுக்குச் சொல்லவில்லை.
பதினெட்டாயிரம் மிச்சமென்று தெரிந்தால்
கைமாற்றுக் கேட்பார்.

இப்போது பாலத்தில் ஏறும்போது கொஞ்சம் கூட்டியும்
இறங்கும்போது கொஞ்சம் குறைத்தும் சொல்கிறது.
உள்ளே பெற்றோல் அலைகிறது, அவ்வளவுதான்.
உண்மை என்றால் கொஞ்சம் ஆடும்போல.
முந்தி அது ஆடாமல் நின்றதைப் பார்த்தாவது
நான் யோசித்திருக்க வேண்டும்.

நாளைக்கு வாழைச்சேனைக்கு ஒரு கேக், நான்கு தட்டு.
கால்வாசி காணாது.
செட்டில் வழிய வழிய நிறைத்தேன்.
முள் மெல்ல ஏறி, எஃப்பில் போய் நின்றது.

இறங்கிப் போய்
தாங்கி மூடியைத் திருகி
குனிந்து பார்த்தேன்.