கேத்தி பாலாடாவில் ஊசி

கேரட் பிடுங்கிய காடு. மழை பிசைந்த மண்.
சூலூர்க் கமலக்கண்ணன்
ஏழு போர்ட் எஞ்சினோடு ஏறி வந்திருக்கிறார்.
கீழே அது புலியாம்.
இங்கே இருமுகிறது.

"பிளக் போச்சு" என்கிறார். போகவில்லை.
ஏழாயிரம் அடியில் காற்று
ரேஷன் சர்க்கரை, அளந்துதான் விழும்.
அவர் ஊசி இன்னும் சூலூரிலேயே நிற்கிறது.
கேட்டால் சொல்லலாம். கேட்கவில்லை.

என்னுடையது மூன்று போர்ட்.
நீள ஓட்டத்தில் தோற்கும்,
வளைவிலிருந்து எகிறும்.
இந்த மலையில் நீளம் ஏது?
நாலு மாதச் சம்பளத்தில் பிடித்தம்;
பார்சல் வந்த அன்று
தையல் மிஷின் என்று நினைத்தார் மாமியார்.

ஊசி உள்ளே கால் திருகு. புகை மெலிகிறது.
இன்னும் அரைக்கால். குரல் ஏறுகிறது.
அங்கே கையை எடுத்துவிட வேண்டும்.
எஞ்சின் தலையில் எச்சில் தொட்டு வைக்கிறேன்:
ஒன்று, இரண்டு, மூ–
சுர்ர்.
போதும்.

ஆறாம் சுற்றில் லவ்டேல் பக்கமிருந்து
மூடுபனி இறங்கியது.
வண்டி காணோம், சத்தம் மட்டும்;
அதுவும் ஊசிமுனைக் கீச்சாக.
குளிர்காற்று கனத்துவிட்டது, எண்ணெய் போதவில்லை.
நின்று திருகினால் முதலிடம் போகும்.
திருகாவிட்டால் பிஸ்டன்.

நிறுத்தினேன். விறைத்த விரலில்
ஸ்க்ரூடிரைவர் இருமுறை நழுவியது.
வெளியே அரைக்கால் திருகு.

வெள்ளைக்குள் ஏதோ கடந்தது.
ஊசியைத் தொடவேயில்லை அந்த மனுஷன்.
பாதி இருமல் நின்றிருந்தது.