வால் ஆட்டும் பொத்தான்

பத்து மணிக்கு மேல் மானை இறக்கினோம்.
ஆர்லோ தலைப்பக்கம், நான் பின்னங்கால்.
உள்ளே முழுக்க நுரைப்பஞ்சு,
மேலே போர்த்தியிருப்பது மட்டும் நிஜத்தோல்,
நெடுஞ்சாலையில் ஏதோ லாரி அடித்துப் போட்டது.
கழுத்தில் ஒரு மோட்டார், வாலில் ஒன்று.
கண்ணில் வெளிச்சம் பட்டால் மின்னும் வில்லை.

மிச்சிகனின் வட மூலை. நவம்பர் பன்னிரண்டு.
வேட்டைக்காலம் திறக்க இன்னும் மூன்று நாள்.
பைன் மரங்களுக்குள் வண்டியைப் பின்னால் ஒதுக்கி
விளக்கணைத்து உட்கார்ந்தோம்.
என் உள்ளங்கையில் தீப்பெட்டி அளவு பெட்டி.
அதிகம் ஆட்டக்கூடாது,
உயிருள்ளவை அவ்வளவு ஆடுவதில்லை.
இது பிடிபட எனக்கு இரண்டு வருஷமாயிற்று.

விலாவிலும் தொடையிலுமாகப் பதினேழு துளை.
எல்லாவற்றையும் அடைத்துத் தைத்தவள் நான்,
கள்ள வலையிலிருந்து உருவிய நரம்பால்.
தோள்பட்டையில் இருப்பது ஒரு பல்மருத்துவர்.
காக்காயைச் சுட்டேன் என்றார்,
நள்ளிரவில்.
வயிற்றில் இருப்பது கொஸ்கெலா சகோதரர்கள், ஆளுக்கொன்று.
முதல் குண்டுக்கு மான் விழவில்லை என்று
அண்ணனைத் திட்டிவிட்டுத் தம்பி வாங்கிச் சுட்டான்.
தொடையில் இருப்பது ரெய்னோ மட்டிலா.
காகித ஆலை மூடிய வருஷம்.
பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் வெடிச்சத்தத்துக்கும் எழவில்லை.
அவன் ஒன்றும் சொல்லாமல் உரிமத்தை நீட்டினான்.
நான் எழுதினேன்.
எண்ணை இரண்டு முறை சரிபார்த்து எழுதினேன்.
வாங்கி வைத்த துப்பாக்கியின் குழல்
என் முழங்காலில் சூடாகவே கிடந்தது, வெகுதூரம்.

கோடையில் தேவலை.
மீனுக்கு அளவுகோல் இருக்கிறது,
அரை அங்குலம் குறைந்தால் குறைந்ததுதான்.
வாலைப் பிடித்து இழுத்து நீட்டப் பார்ப்பார்கள்,
சேர்ந்து சிரித்துவிட்டு அபராதம் போடலாம்.
நவம்பரில் எல்லோர் கையிலும் துப்பாக்கி.
இருட்டில் ஒருத்தி நடந்துபோய்
கண்ணாடியைத் தட்டவேண்டும்.

ஒன்றே காலுக்கு ஒரு கார்.
ஒற்றை விளக்கு எரிந்தது. மெதுவாக வந்தது.
மெதுவாக வந்தால் எங்களுக்கு நல்ல சகுனம்.
மான் கண் மின்னியது. கார் நின்றது.
ஆர்லோ கதவுப்பிடியில் கைவைத்தான்.
நான் வாலை ஒரு தரம் ஆட்டினேன்.

இறங்கியவள் கையில் ஒன்றுமில்லை.
கோட்டுக்குக் கீழே முதியோர் இல்லத்துச் சீருடை,
பனியில் வெள்ளைச் சப்பாத்து.
"போ" என்றாள். கை தட்டினாள்.
"சனிக்கிழமை வந்துவிடுவார்கள், மண்டு,
ரோட்டோரம் நிற்காதே, உள்ளே போ."
பழக்கதோஷம், என் கட்டைவிரல் அழுத்திவிட்டது.
மான் திரும்பி அவளைப் பார்த்தது.

"என்னையா பார்க்கிறாய்?"
குனிந்து பனியை உருட்டி எறிந்தாள்.
விலாவில் பொத்தென்று விழுந்தது,
தலையணையில் குத்தியதுபோல.

அப்படியே நின்றாள்.
பிறகு காட்டைப் பார்த்தாள், மரம் மரமாக,
எங்களிடம் வந்து, எங்களைத் தாண்டி.
தெரிய வழியே இல்லை.
ஆனாலும் ஆர்லோ தலையைக் குனிந்துகொண்டான்.
கத்துவாள் என்று நினைத்தேன்.
அவள் மானிடம் போனாள்,
மூன்று மணி நேரமாய் அதன் முதுகில் சேர்ந்திருந்த பனியை
வெறுங்கையால் தட்டிவிட்டாள்,
கழுத்திலிருந்து வால்வரை,
படுக்கை விரிப்பைச் சரிசெய்கிறவள்போல.
காரில் ஏறிப் போய்விட்டாள்.

வெகுநேரம் கழித்து ஆர்லோ பேனாவை எடுத்தான்.
"என்ன எழுத?"
"வாகனம் ஒன்று. மீறல் இல்லை."
"அவ்வளவுதானா?"
"அந்த முன்விளக்கு."
"அதையா எழுதச் சொல்கிறாய்?"
"வேண்டாம்" என்றேன்.

நாலு மணிக்கு மானைத் தூக்கிப் போட்டுத் தார்ப்பாய் மூடினோம்.
மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம்
என் பையில் இருந்த பெட்டி அமுங்கியிருக்கிறது.
வீட்டு வாசலில் இறங்கித்தான் பார்த்தேன்,
தார்ப்பாய்க்குக் கீழே வால்
இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.