பங்கொன்றுக்கான உழைப்பு

கடைசி நோயாளி போன பிறகு
பல் வைத்தியர் ஹில்மியின் காத்திருப்பு அறையில் கூடுவோம்.
கிராம்பெண்ணெய் மணக்கும்.
வெளியே ஏகாம்பரம் வீதியில் மான் ஒன்று
யாரோ எறிந்த சொப்பிங் பையைப் பிரித்துக்கொண்டிருக்கும்.

"ஒண்டு இருபது வரும்" என்கிறார் புவிராஜசிங்கம்,
மா ஆலையில் இருபத்தாறு வருடம் மூட்டை எண்ணியவர்.
கொழும்புத் தரகரின் அறிக்கையை
மருந்துச் சீட்டைப்போல நாலாய் மடித்து வைத்திருக்கிறார்.
ஒரு ரூபா இருபது சதம்.
திசையொலிக் கொம்பனியின் இந்தக் காலாண்டு,
பங்கொன்றுக்கான உழைப்பு.

ஹில்மிக்கு அது போதாது. ஒண்டு நாற்பதாம்.
"படகுக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு மாதச் சந்தா.
கடல் வத்தினால்தான் இந்தக் காசு வத்தும்."
மெற்றில்டா ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை.
சேமலாப நிதியை எடுத்துப் போட்டவ அவ.

எனக்கு எண்ணூறு பங்கு, முப்பத்தொன்று ஐம்பதுக்கு வாங்கியது.
நித்திரையைக் கெடுக்கக் காணும்,
இந்த அறையில் குரல் உயர்த்தக் காணாது.
நீர்வழங்கல் சபையில் மீற்றர் வாசிப்பவள் நான்.
முள் நிற்கிற இடத்தைத்தான் எழுதலாம்;
கேற் பூட்டியிருந்ததென்று ஊகித்து எழுதினால்
சம்பளத்தில் வெட்டுவார்கள்.

சனிக்கிழமை விடிய ஐந்து மணி, கொட்பே.
"ஆரைப் பார்க்க?" என்றான் காவலாளி.
பெட்டியை, என்றேன்.

பலநாட் படகு அறுபத்துமூன்று.
வெள்ளைப் பெட்டி பூட்டியவை நாற்பத்தொன்று.
பச்சை விளக்கு எரிந்தவை பன்னிரண்டு.
ஒரு பெட்டியின் மேல் சாரம் காய்ந்தது.
அதை எந்த நிரலில் எழுதுவதென்று தெரியாமல்
கொப்பியின் ஓரத்தில் எழுதினேன்.

ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த றொக்சன் சிரித்தான்.
"சந்தாவோ? மூண்டு மாசமாய்க் கட்டேல்லை.
வெட்டுவம் எண்டினம், வெட்டவுமில்லை.
கடனெண்டு எழுதிப்போட்டுப் போறாங்கள்.
மீன் எங்க நிக்குதெண்டு இது சொல்லாதக்கா.
நான் எங்க நிக்கிறனெண்டுதான் சொல்லும்.
அது எனக்குத் தெரியுந்தானே."

அன்றிரவு கொப்பியை வாசித்தேன்.
"பன்னிரண்டு விளக்கை வைச்சு நாட்டை அளக்கிறியோ?
நீர்கொழும்பு பார்த்தியோ? மாத்தறை பார்த்தியோ?"
பார்க்கவில்லை.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், என்றேன்.
"அது ஒரே அடுப்பில ஒரே பானை, பிள்ளை."
புவியண்ணை சொன்னதும் சரிதான்.

அப்போதுதான் ரீச்சர் வாய் திறந்தா:
"கட்டாத சந்தாவை எந்தப் பக்கத்தில எழுதுவினம்?"

ஆண்டறிக்கை, குறிப்பு பதினேழு, வியாபார வருமதிகள்.
போன வருடம் இருநூற்றுப் பத்து மில்லியன்.
இந்த வருடம் ஐந்நூற்று எண்பது.
பல் பிடுங்குகிற வெளிச்சத்தைத் திருப்பி வைத்து
ஹில்மி இரண்டுதரம் வாசித்தார்.
பிறகு, "வளருற கொம்பனிக்கு வருமதியும் வளரும்" என்றார்,
ஆனால் கொஞ்சம் மெல்ல.

வியாழன் பின்னேரம் முடிவு வந்தது.
ஒன்று முப்பத்தொன்று.
பங்கு முப்பத்தெட்டுக்கு ஏறியது.
ஹில்மி வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது.
"இப்ப என்ன சொல்லுறாய்?" என்றார் புவியண்ணை.
அடுத்தநாள் நானூறை விற்றேன். நானூறை வைத்திருக்கிறேன்.
துணிவுமில்லை, நம்பிக்கையுமில்லை;
என் கொப்பிக்கு நானே போட்ட பாதிப் புள்ளி.

கணக்குத் தமிழில் இந்த எண்ணுக்கு
உழைப்பு என்று பெயர் வைத்தவர் யாரோ.
றொக்சன் அந்த வியாழன் கரையில் இல்லை.
ஒன்று முப்பத்தொன்றுக்குள் எங்கேயோ
சதத்தின் சதமாய்
அவன் கட்டாத மூன்று மாதமும்
கட்டியதுபோலக் கிடக்கிறது.

வாயில் வட்டிலப்பத்தோடு எல்லோரும் எழும்பினோம்.
ரீச்சர் மட்டும், செருப்பைத் தேடியபடி,
"அடுத்தமுறை கொட்பேக்கு
எத்தனை மணிக்கு வெளிக்கிடுவாய்?" என்றா.