கூடுதல் நேரம்

முப்பது நிமிடம் கூட்டித் தந்தும்
ஒன்றுக்கு ஒன்றுதான்.
வேம்புவின் கைப்பேசி எடைத்தராசின் மேல்
தண்டில் சாய்ந்து நிற்கிறது.
இருநூறு கிராம் என்கிறது தராசு,
எண்பதாயிரம் பேர் உட்கார்ந்திருக்கும்
அந்த மைதானம் உட்பட.

கோட்டூர் கொள்முதல் நிலையம். மணி பதினொன்றே முக்கால்.
குறுவை நெல் குவியல் குவியலாய்க்
களத்திலிருந்து சாலைவரை படுத்திருக்கிறது.
காவலுக்கு வந்தவர்கள்
அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு
பெனால்டிக்குக் காத்திருக்கிறோம்.

வேம்புவுக்கு இது பதினோராவது இரவு.
செவ்வாய்க்கிழமை அவள் நெல்லைத் திருப்பியது நான்தான்:
ஈரப்பதம் பத்தொன்பது.
பதினேழுக்கு மேல் ஒரு புள்ளிகூட என் கையில் இல்லை என்றேன்.
சொல்லிவிட்டு
அவள் தூக்குச்சட்டியிலிருந்து சோறும் சாப்பிட்டேன்.

"அந்தப் பொண்ணு மட்டும் ஏன் தனியா நிக்குது?"
கோல்கீப்பர். அவள் ஒருத்திதான் கையால் தொடலாம்.
"பதினோரு பேர்ல ஒருத்திக்குத்தான் கையா!"
வேம்பு சிரித்தாள்,
சுண்ணாம்பு விரலைச் சாக்கில் துடைத்தபடி.

நானும் அப்படி நின்றவள்.
மன்னார்குடிக் கல்லூரி அணியில், மூன்று வருடம்,
அண்ணனின் கிரிக்கெட் கையுறையோடு.
இங்கே யாரிடமும் சொன்னதில்லை.
பட்டியல் எழுதுகிறவளுக்கு எதற்கு அது.

நாலுக்கு நாலு.
'பொம்பளைங்க ஆட்டமா' என்று ஒன்பது மணிக்குக் கேட்ட
சுமைதூக்கும் கலியமூர்த்தி
பற்றவைக்க மறந்த பீடியோடு நிற்கிறார்.
மஞ்சள் சட்டைக்காரி பந்தை வைக்கிறாள்.
நான்கு அடி பின்னால் போகிறாள்.
நீலச் சட்டை கோல்கீப்பர் வலப்பக்கம் பார்க்கிறாள்,
இடப்பக்கம்தான் பாய்வாள், எனக்குத் தெரியும்,
முழங்கால் சொல்லிவிட்டது.

முதல் துளி திரையில் விழுந்தது.
பந்து திடீரென்று பூசணி அளவு.

அப்புறம் யார் எதைப் பார்த்தார்கள்.
தென்கிழக்குக் காற்று தார்ப்பாயை உருவிக்கொண்டு போக
மேலே வைத்த செங்கல்கள் உருண்டன.
இடப்பக்கம் பாய்ந்தேன்.
ஒன்பது வருடத்துக்குப் பிறகு
சிமெண்டில் முழங்கை உரசும் அந்தச் சத்தம்.
விரல் நுனியில் ஒரு மூலை.

ஆளுக்கொரு ஓரம் பிடித்து நிற்கிறோம்
வேம்புவின் குவியலைச் சுற்றி.
இருட்டில், தராசுப் பக்கமிருந்து
எண்பதாயிரம் பேரின் கூச்சல்.
யாருக்கென்று தெரியவில்லை.
போய்ப் பார்க்க ஒருவருக்கும் கை ஒழியவில்லை.

"பிடிச்சாளா?"
மழைக்குள்ளிருந்து கத்தினார் கலியமூர்த்தி.
"பிடிச்சிட்டா" என்றாள் வேம்பு.
எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னாளோ.

காலையில் நனைந்த கைப்பேசியை
நெல்லுக்குள் புதைக்கிறாள், உலரட்டும் என்று.
ஈரப்பதமானியில் பதினேழு புள்ளி இரண்டு.
முடிவு என்ன என்று கேட்கிறாள்.
எதன் முடிவு என்று நான் கேட்கவில்லை.
பேனாவின் மூடியைக் கழற்றுகிறேன்.