இரண்டாவது எதிரொலி

காலை ஏழு. குந்தா அணையின் மேல் மஞ்சு விலகவில்லை.
சங்கிலியில் கட்டிய இரும்புத் தட்டை
ஐந்து மீட்டருக்கு இறக்கி
முதலில் ஒலியைச் சோதிக்கிறேன்.
குளிர்நீரில் ஒலிக்குக் கொஞ்சம் சோம்பல்.
நொடிக்கு ஆயிரத்து நானூற்று அறுபது மீட்டர் என்று
சொல்லிக் கொடுத்த பிறகுதான்
கருவி உண்மை பேசுகிறது.

போஜன் படகை நேராக ஓட்டுவார்.
நேராக என்றால்,
எதிர்க்கரையில் நட்ட இரண்டு சிவப்புக் கொடிகளும்
ஒன்றின் பின் ஒன்று ஒளிந்துகொள்ளும்படி.
மின்வாரியத்தில் தற்காலிகம். பதினோராவது வருடம்.

கருவிக்கு இரண்டு குரல்.
கீச்சுக் குரல் சேற்றின் மேலேயே முட்டித் திரும்பும்.
தடித்த குரலுக்குச் சேறு வெறும் சல்லாத்துணி;
ஊடுருவிப் போய்
பழைய ஓடையின் படுகையைத் தட்டிவிட்டு வரும்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான்
என் ஆராய்ச்சி.

"எவ்வளவு இருக்குங்க?"
கன மீட்டரில் சொன்னேன். முகம் மாறவில்லை.
லாரிக் கணக்கில் சொன்னேன்.
மோட்டாரை அணைத்தார்.

குழாயை அடித்து இறக்கி
இருவருமாக இழுத்தோம், முழங்கை வரை சேறு.
பிளந்து வைத்தால் மழைக்காலங்கள்,
ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்தன.
நகக்கண் அளவு சாம்பல்: வறண்ட வருடம்.
உள்ளங்கை தடிமனில் செம்பழுப்பு: அந்த ஆகஸ்ட்,
சரிவுகள் ஒரே இரவில் கிளம்பி வந்தது.
இடையில் உரச்சாக்கின் நீல நூல் ஒன்று.
காலம் கணிக்க உதவும். குறித்துக்கொண்டேன்.

போஜன் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார்.
"நம்ம சரிவு மண்ணு. கேரட் போட்டது.
கடன் இன்னும் ஓடுது.
பட்டா மேலே இருக்குங்க, மண்ணு கீழே இருக்கு.
ஒரு ரசீது போட்டுக் குடுங்க."
வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

எனக்கும் ஒரு பட்டா உண்டு. அவரிடம் சொல்லவில்லை.
தரங்கம்பாடிக்கு வடக்கே.
சர்வே எண் இருக்கிறது, நான்கெல்லை இருக்கிறது.
கிழக்கே கடல் என்று எழுதியிருக்கிறது.
இப்போது
நான்கு பக்கமும் அதுதான்.

இந்த நீர் பவானியாகி, காவிரியாகி
அங்கேதான் போகிறது என்பது வரைபடத்தின் நம்பிக்கை.
நீர் போகலாம், சில மாதங்களில்,
கைவீசிக்கொண்டு,
சுமையை இங்கே இறக்கி வைத்துவிட்டு.

அவர் மண்தான் என் கரை என்று
முடித்துவிட ஆசைதான்.
ஆனால் இது களி; அலை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளாது.
கரைக்கு வேண்டியது பருமணல்.
அது இவ்வளவு உள்ளே வராது.
ஓடை அணைக்குள் நுழையும் வாயிலேயே
சோர்ந்து உட்கார்ந்துவிடும்.

பிற்பகல் அங்கே போனோம்.
ஒரு கை அள்ளிச் சல்லடையில் கழுவினேன்.
தங்கியது வெள்ளைப் பரல்கள், கொஞ்சம் அப்ரகம்.
பதினேழு கிராம்.
ஈரத்தோடு. உலர்த்தினால் குறையும்.

பதிவேட்டில் ஆய்வகத்துக்கு வேண்டியதை எழுதினேன்.
பிறகு கடைசித் தாளில்:
"பெறப்பட்டது. ஹா. போஜன், மேல்குந்தாச் சரிவு."
தேதி போட்டு, கையெழுத்திட்டு, கிழித்துக் கொடுத்தேன்.
இரண்டு முறை படித்தார்.
மடித்துக் கம்பளித் தொப்பிக்குள் செருகினார்.
மறுபடி எடுத்துப் பார்த்தார்.
"அளவு எழுதலையே."

இன்னும் ஆறு கோடு பாக்கி என்றேன்.
மோட்டார்க் கயிற்றை இழுத்தார்.